ஸ்மார்ட் பொருட்கள்: சில வருடம் கழித்து வீட்டில் எது மிச்சம் இருக்கிறது?

மின்மினி (இழையைத் தொடங்கியவர்)

ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பூட்டு, ஸ்மார்ட் கேமரா என்று எதைத் தேடினாலும் பெட்டி பிரித்த வாரத்தில் எழுதிய விமர்சனங்கள்தான் வந்து விழுகின்றன. ஆப் அழகாக இருக்கிறது, அமைப்பது சுலபம், ஐந்து நட்சத்திரம். அதே பொருள் வீட்டில் சில வருடம் இருந்த பிறகு யாரும் திரும்பி வந்து எழுதுவதில்லை. வாங்க நினைப்பவருக்கு உண்மையில் தேவை அந்த இரண்டாவது விமர்சனம்தான். அதற்காகவே இந்த இழை. நீண்ட நாள் வைத்துப் பழகிய பொருளைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

என் அனுபவத்தில் தொடங்குகிறேன். பல்புகளை எடுத்துவிட்டோம். அவை பழுதாகவில்லை, சுவரில் ஸ்விட்ச் இருக்கிறதே, அதுதான் காரணம். விருந்தாளி, குழந்தை, பாதித் தூக்கத்தில் எழுந்து வருகிறவர், யாராக இருந்தாலும் கை சுவருக்குத்தான் போகிறது. ஸ்விட்சை அணைத்தால் பல்புக்கு மின்சாரமே இல்லை, அப்புறம் ஆப் எதைத் தேடிப் பிடிக்கும்? இப்போது இருப்பவை சாதாரண எல்இடி பல்புகள். ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு சின்ன ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) பொருத்தியிருக்கிறோம். சுவரில் தட்டினாலும் எரிகிறது, போனில் சொன்னாலும் எரிகிறது, இணையம் போன நாளிலும் எரிகிறது. யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வாசல் கேமரா வேறு மாதிரி தேய்ந்துபோனது. முதலில் ஒவ்வொரு அறிவிப்பையும் ஆர்வமாகத் திறந்து பார்த்தோம். செடி ஆடினால் ஒன்று, பூனை போனால் ஒன்று, வெயில் சாய்ந்து நிழல் நகர்ந்தால் ஒன்று. சில மாதத்தில் வீட்டில் ஒவ்வொருவராக அறிவிப்பை நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புக்கென்று வாங்கியது, இன்று பார்சல் வந்துவிட்டதா என்று பார்க்க மட்டும் உதவுகிறது. இதற்கிடையில், முன்பு இலவசமாக இருந்த பழைய பதிவுகள் மாதச் சந்தாவுக்குள் போய்விட்டன. கிணற்றை விற்றுவிட்டுத் தண்ணீருக்குத் தனியாகக் காசு கேட்பது போன்றது இது. என்னால் ஏற்கவே முடியவில்லை.

நான் மிகவும் மதிப்பது நீர்க்கசிவு சென்சாரைத்தான். வாஷிங் மெஷினுக்கு அடியில் பேசாமல் கிடக்கும். ஆப்பைத் திறக்க வேண்டியதில்லை, அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகும். குழாய் மூட்டு விட்டுப்போன அன்று அது கத்தியது, தரை முழுதும் நனைவதற்குள் வால்வை மூடிவிட்டோம். கத்துவதற்கு அதற்கு இணையம் தேவைப்படவில்லை, போனுக்குத் தகவல் அனுப்பத்தான் தேவைப்பட்டது.

இதையெல்லாம் பார்த்து எனக்கு ஒரு எண்ணம் உறுதியாகிவிட்டது: இணைப்பு போனாலும் தன் அடிப்படை வேலையைச் செய்கிற பொருள்தான் வீட்டில் நிலைக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானா?

பனங்காடை

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பிழைத்த இன்னொன்று, மின்சாரம் அளக்கும் ஸ்மார்ட் பிளக். பழைய வாஷிங் மெஷினை அதில் செருகியிருக்கிறோம். மெஷின் இழுக்கும் வாட் அளவு விழுந்து சில நிமிடம் அப்படியே இருந்தால், துவைத்து முடிந்தது என்று போனில் தகவல் வரும். மெஷினே ஸ்மார்ட்டாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மெஷின் பல வருடம் உழைக்கும், பிளக் போனால் பிளக்கை மட்டும் மாற்றலாம். ஆனால் ஹீட்டர் போல அதிகம் இழுப்பவற்றுக்கு, பிளக்கில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பார்க்காமல் செருகாதீர்கள். சூடாகி உருகும்.

கம்பிவடம்

மின்மினி சொன்னதை இந்தத் துறையின் வரலாறே நிரூபிக்கிறது. சாதனம் சாவதற்கு முன்பே அதன் மறுமுனையில் இருக்கும் நிறுவனத்தின் சர்வர் செத்துப்போகிறது.

நபாஸ்டாக் என்று ஒரு முயல் பொம்மை 2005-இல் பிரான்சில் வந்தது. காதை ஆட்டும், வானிலை சொல்லும், மின்னஞ்சல் வந்தால் விளக்கைக் காட்டும். வீடுகளுக்குள் வந்த முதல் இணையப் பொருட்களில் அதுவும் ஒன்று. நிறுவனம் கைமாறி, 2011-இல் சர்வரை மூடியதும் முயல்கள் ஊமையாகிவிட்டன. மோட்டார், விளக்கு, ஸ்பீக்கர் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

வீட்டு ஸ்மார்ட் பொருட்களை ஒன்றாக இயக்கும் ரிவால்வ் ஹப் என்ற கருவியின் கதை இன்னும் கசப்பானது. வாழ்நாள் சேவை என்று சொல்லி விற்றார்கள். 2014-இல் கூகுளின் நெஸ்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கருவி ஒரே நாளில் வெறும் டப்பா. யாருடைய வாழ்நாள் என்பதை அந்தப் பெட்டியில் எழுதியிருக்கவில்லை.

ஸ்மார்ட் ஸ்விட்சுகள் விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் விஷயத்தைத் தனியாகக் கவனியுங்கள். 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் அதன் சர்வர்கள் நின்றன. ஆப் செத்தது. ஆனால் சுவர் ஸ்விட்சுகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசும்படி வடிவமைத்திருந்ததால், அப்படி இணைத்து வைத்திருந்தவர்களுக்கு விளக்குகள் தொடர்ந்து எரிந்தன. சில வாரங்களில் பயனர்களில் ஒரு குழுவே நிறுவனத்தை வாங்கி மறுபடி ஓட்டியது. வீட்டுக்குள்ளேயே உயிர் இருந்த பொருளாக இருந்ததால்தான் காப்பாற்றவும் ஆள் வந்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

நிறுவனம் மூடாமலும் சாதனம் நிற்கலாம். பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஒன்று சாதனத்துக்குள் இருக்கும், அதற்குக் காலாவதி நாள் உண்டு. 2025 மார்ச்சில், டிவியில் செருகும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்டுகள் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் இயங்க மறுத்தது இதனால்தான். 2015-இல் வந்த சாதனம் என்றாலும் கூகுள் சில நாளில் சரிசெய்து கொடுத்தது. எல்லோரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். லாஜிடெக் தன் ஹார்மனி லிங்க் கருவியை (போனை ரிமோட்டாக்குவது) சான்றிதழ் முடிவதைக் காரணம் காட்டி 2018 மார்ச்சோடு நிறுத்தப்போவதாக அறிவித்தது. பயனர்கள் கொதித்த பிறகுதான் புதிய ஹப்பை இலவசமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது.

கடைசிபெஞ்ச்

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

"எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே வை, கிளவுடே (நிறுவனத்தின் சர்வரே) வேண்டாம்" என்று சொல்வது சுலபம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். சின்னக் கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மென்பொருள், சாதனங்களோடு ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் பேச யுஎஸ்பியில் செருகும் டாங்கிள், எல்லாம் உள்ளூர். பிடித்துத்தான் செய்கிறேன். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பணத்தில் கட்டுவதில்லை. ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு மாதாமாதம் புதிய பதிப்பு வரும், ஏதாவது ஒன்று மாறியிருக்கும், படித்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். மெமரி கார்டில் ஓட்டினால் ஓயாமல் எழுதி எழுதி ஒருநாள் கார்டு போய்விடும், எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டும், பேக்கப்பை வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம், வீட்டில் ஒருவருக்குத்தான் இதெல்லாம் தெரியும். நான் வெளியூரில் இருக்கும்போது ஏதாவது நின்றால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? நிறுவனத்தின் சர்வரை நம்புவதற்குப் பதிலாக என்னை நம்ப வேண்டியிருக்கிறது. எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என்னுடைய சர்வரும் மூடியதுதான். நல்ல நிறுவனத்தின் கிளவுட் சேவை பல குடும்பங்களுக்கு இதைவிட நிம்மதி என்று உண்மையாகவே நம்புகிறேன்.

மின்மினி

நியாயமான பேச்சு. நான் கேட்பது அதைவிடக் குறைவுதான். கிளவுட் இருக்கட்டும், வெளியிலிருந்து பார்க்க அது வேண்டும். ஆனால் கிளவுடும் போய், கடைசிபெஞ்சும் வெளியூர் போய், ரவுட்டரும் அணைந்திருக்கும் நாளில் விளக்கு எரிய வேண்டும், கதவு திறக்க வேண்டும், ஹீட்டர் அணைய வேண்டும். உங்கள் வீட்டில் ஹோம் அசிஸ்டன்ட் கணினியைப் பிடுங்கினால் ஸ்விட்சுகள் வேலை செய்யுமா?

கடைசிபெஞ்ச்

செய்யும். ஜிக்பீ ஸ்விட்சையும் விளக்கையும் நேரடியாகப் பிணைத்திருக்கிறேன், நடுவில் கணினி வேண்டாம். சரி, அந்த அளவில் நாம் ஒரே பக்கம்தான்.

ஜிக்பீ வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: பாட்டரியில் இல்லாமல் வீட்டு மின்சாரத்தில் ஓடும் சாதனங்கள் பக்கத்துச் சாதனங்களின் செய்தியைக் கடத்திவிடும். ஜிக்பீ பல்பைச் சுவர் ஸ்விட்சில் அணைத்தால் அந்த வழி அறுந்து, தூரத்தில் இருக்கும் சென்சார் தொலைந்துபோகும். "சென்சார் சரியில்லை" என்று தூக்கிப்போடும் பலருக்கு உண்மைக் காரணம் இதுதான். அப்புறம், ஜிக்பீயும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்சில்தான் ஓடுகின்றன. டாங்கிளை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைக்காமல் ஒரு நீட்டிப்பு யுஎஸ்பி வயரில் தள்ளி வையுங்கள்.

நீலவானம்

சுவரில் தட்டினால் எரிகிறது என்பதையே எல்லோரும் கடைசிப் புகலிடமாகச் சொல்கிறீர்கள். என்னால் சுவரில் தட்ட முடியாது. தசைநோயால் கை உயராது. குரலால் விளக்கு, குரலால் ஃபேன், குரலால் கதவு. மற்றவர்களுக்கு வசதியாக இருப்பது எனக்கு யாரையும் கூப்பிடாமல் ஒரு அறையில் இருக்க முடிவது. இரவில் விளக்கை அணைக்க இன்னொருவரை எழுப்ப வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிப் புரியவைப்பது கடினம். பல வருடமாகப் பயன்படுத்துகிறேன், விட்டுவிடும் எண்ணமே இல்லை.

அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுட் சேவையில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மையம் விழுந்தபோது உலகம் முழுவதும் குரல் உதவியாளர்களும் வாசல் மணிகளும் தடுமாறின. வெப்பநிலை மாற்றும் எய்ட் ஸ்லீப் படுக்கை கட்டுப்பாட்டை இழந்து சூட்டிலேயே சிலருக்கு நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. பலர் அதைப் படித்துச் சிரித்தார்கள். தானாக எழுந்து நகர முடியாத ஒருவர் அந்தப் படுக்கையில் இருந்திருந்தால் என்ன ஆகும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் இணையம் இல்லாமல் புளூடூத் வழியாக இயக்கும் வசதியைச் சேர்த்தது. முடிகிற காரியம்தான், முதலிலேயே ஏன் செய்யவில்லை?

இப்போது என் ஏற்பாடு இது. விளக்கு, ஃபேன் கட்டளைகளை வீட்டுக்குள் இருக்கும் கணினியே கேட்டுப் புரிந்துகொள்கிறது. அதற்குத் தெரிந்த வாக்கியங்கள் குறைவு, ஆனால் எனக்கு வேண்டிய வாக்கியங்களும் குறைவுதான். இதோடு, மடியில் ஒரு பெரிய பொத்தான், லேசாக அழுத்தினால் போதும், ரேடியோ வழியாக நேரே ரிலேவுக்குப் போகும். மின்மினி சொன்ன விதியை நான் ஏற்கிறேன். ஆனால் "அடிப்படை வேலை" எது என்பதை அந்தப் பொருளை நம்பியிருக்கும் ஆள்தான் சொல்ல வேண்டும், சுவர் இல்லை.

மின்மினி

நீலவானம், இதை நான் யோசித்திருக்கவே இல்லை. விதியை நீங்கள் சொன்னபடியே வைத்துக்கொள்கிறேன். அந்தப் பொத்தான் என்ன வகை, பாட்டரி எவ்வளவு காலம் வருகிறது என்று எழுத முடியுமா?

நீலவானம்

சக்கர நாற்காலிகளில் பொருத்தும் 3.5 மில்லிமீட்டர் ஜாக் ஸ்விட்ச். அதை ஒரு ஜிக்பீ கதவு சென்சாரின் உள்ளே இருக்கும் இரண்டு முனைகளில் பற்றவைத்துக் கொடுத்தார் ஒரு நண்பர். காசு வடிவப் பாட்டரி, வருடக்கணக்கில் வருகிறது. வைஃபை பொத்தான் வேண்டாம், ஒவ்வொரு அழுத்தலுக்கும் விழித்து ரவுட்டரோடு சேர்வதற்குள் நேரமும் பாட்டரியும் போகும்.

செம்பருத்தி

நான் எழுதப்போவது சாதனத்தைப் பற்றி இல்லை, கணக்கைப் பற்றி. அப்பாவுக்கு இவற்றில் ஆர்வம் அதிகம். வீட்டில் இருந்த பூட்டு, கேமரா, ஏசி எல்லாம் அவருடைய ஒரே கணக்கில் இருந்தன. அவர் இறந்த பிறகு, துக்கத்துக்கு நடுவில், அவருடைய செல்போன் இணைப்பை நிறுத்திவிட்டோம். உள்நுழைய வரும் ரகசிய எண் அந்த எண்ணுக்குத்தான் போகும். ஏசி ரிமோட்டில் ஓடியது. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் பார்க்க முடியவில்லை. எங்கள் வீட்டு வாசலின் படம் எங்கோ பதிவாகிக்கொண்டிருந்தது, எங்களுக்கு அதில் உரிமை இல்லை. வாடிக்கையாளர் சேவையில் இறப்புச் சான்றிதழை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம், "கணக்கின் உரிமையாளரே தொடர்புகொள்ள வேண்டும்" என்று பதில் வந்தது. அந்த வரியை அம்மாவிடம் காட்டவில்லை.

கடைசியில் ஒவ்வொன்றையும் ரீசெட் செய்து புதிதாக இணைத்தோம். கேமரா அதற்கும் விடவில்லை, பழைய கணக்கிலிருந்து நீக்கினால்தான் புதிய கணக்கில் சேரும் என்றது. திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு, புரிகிறது, எங்களுக்கு அது கதவடைப்பு. அதைக் கழற்றிவிட்டோம்.

தயவுசெய்து இன்றே வீட்டில் இரண்டாவது ஆளை நிர்வாகியாகச் சேருங்கள். "விருந்தினர்" என்று சேர்த்தால் போதாது, நீக்கவும் மாற்றவும் உரிமை இருக்க வேண்டும்.

பனங்காடை

செம்பருத்தி, வருத்தமாக இருக்கிறது. இப்போதே மனைவியை நிர்வாகியாகச் சேர்த்துவிட்டேன். ஒரு ஆப்பில் அந்த வசதியே இல்லை, ஒரு வீட்டுக்கு ஒரே உரிமையாளர்தானாம்.

கம்பிவடம்

இதன் மறுபக்கமும் உண்டு. உறவு முறிந்து வீட்டை விட்டுப் போனவர் கையில் நிர்வாகி உரிமை இருந்தால் கேமராவும் பூட்டும் அவர் கட்டுப்பாட்டில் தொடரும். ஆள் மாறும்போது யார் யாருக்கு அணுகல் இருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். வெளியில் இருந்து நுழையும் பழைய போன்களையும் நீக்குங்கள்.

வெள்ளோட்டம்

நெட்வொர்க் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். இழையில் இதுவரை வராத ஒன்று: பொருள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் புதுப்பிப்பு நின்று வருடங்கள் ஆகியிருக்கும். உரிமையாளருக்கு எந்தக் குறையும் தெரியாது.

2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் (தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) நிறுவனத்தின் மேல் நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பலரால் திறக்க முடியவில்லை. தாக்கியது மிராய் என்ற நிரல். அது பிடித்து வைத்திருந்தவை பெரும்பாலும் கேமராக்கள், வீடியோ பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள். பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை, தொழிற்சாலையில் வைத்த 60-க்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. அணைத்துப் போட்டால் நினைவகத்திலிருந்து போய்விடும். கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

இப்போது சட்டம் மெல்ல வருகிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாச் சாதனத்துக்கும் ஒரே மாதிரி சுலபக் கடவுச்சொல் வைத்து விற்கக் கூடாது, பாதுகாப்புப் புதுப்பிப்பு குறைந்தபட்சம் எதுவரை என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். பொதுவாக ஐந்து வருடமாவது ஆதரவு தர வேண்டும் என்கிறது அது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2024-இல் 184 ஸ்மார்ட் பொருட்களின் இணையப் பக்கங்களைப் பார்த்தபோது, ஏறக்குறைய 89 சதவீதத்தில் ஆதரவு எத்தனை காலம் என்ற தகவலே இல்லை. நாம் கேட்க வேண்டிய முதல் கேள்விக்குப் பதில் எழுதப்படவே இல்லை என்று அர்த்தம்.

புதுப்பிப்பும் எப்போதும் நன்மை செய்வதில்லை. 2017-இல் லாக்ஸ்டேட் நிறுவனம் வேறு மாடலுக்கான ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருளை) தவறாக அனுப்பி சுமார் 500 பூட்டுகளைச் செயலிழக்க வைத்தது. அதற்காகப் புதுப்பிப்பை நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பொருட்களையெல்லாம் ரவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க்கில் தனியாக வையுங்கள். கணினியும் கோப்புகளும் இருக்கும் நெட்வொர்க்கில் பழைய கேமரா இருக்கக் கூடாது. புதுப்பிப்பு நின்ற கேமராவை, எவ்வளவு நன்றாக ஓடினாலும், எடுத்துவிடுங்கள். பல்பையும் பிளக்கையும் இணையத்துக்குப் போக விடாமல் ரவுட்டரில் தடுத்து, உள்ளூரிலேயே ஓட்ட முடிந்தால் இன்னும் சில வருடம் வைத்துக்கொள்ளலாம்.

தறிநாடா

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், எல்லோருக்கும் வணக்கம். இரண்டு கேள்வி. ரவுட்டரை மாற்றப்போகிறேன், வீட்டில் வைஃபை பொருட்கள் நிறைய. ஒவ்வொன்றையும் மறுபடி இணைக்க வேண்டுமா? இரண்டாவது, பூட்டின் ஆப் பாட்டரி நிறைய இருக்கிறது என்று காட்டும்போதே பூட்டு திடீரென்று நின்றுவிடுகிறது. ஏன்?

கடைசிபெஞ்ச்

முதல் கேள்விக்கு: புதிய ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வையுங்கள், எழுத்து மாறாமல். பெரும்பாலானவை தானாக வந்து சேரும். வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய பொருட்கள் சேராது, டபிள்யூபிஏ2-வையும் அனுமதியுங்கள். 2.4 கிகாஹெர்ட்சை அணைத்துவிடாதீர்கள், இந்தப் பொருட்களில் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது.

பனங்காடை

இரண்டாவதுக்கு நான் சொல்கிறேன். ரீசார்ஜ் பாட்டரி போட்டிருக்கிறீர்களா? பூட்டுகள் மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் அளவைக் கணிக்கின்றன, அந்தக் கணக்கு பெரும்பாலும் ஆல்கலைனுக்கானது. ஆல்கலைன் 1.5 வோல்ட்டிலிருந்து மெல்ல இறங்கும். ரீசார்ஜ் வகை 1.2 வோல்ட்டில் ரொம்ப நேரம் நின்று, தீரும்போது சட்டென்று விழும். பூட்டுக்கு எச்சரிக்க நேரமே கிடைக்காது. கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும், அதையே போடுங்கள். பழசையும் புதுசையும் கலக்காதீர்கள். பூட்டில் சாவித் துளை இருக்கிறதா?

தறிநாடா

ரீசார்ஜ் வகைதான் போட்டிருக்கிறேன், இன்றே மாற்றுகிறேன். சாவித் துளை இல்லை. கீழே இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கின்றன.

பனங்காடை

அது 9 வோல்ட் பாட்டரியை வெளியிலிருந்து தொட்டு வைப்பதற்கு. பிடித்துக்கொண்டே எண்ணை அழுத்தினால் திறக்கும். ஒரு 9 வோல்ட் பாட்டரியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள், உள்ளே வைத்தால் பயனில்லை. அதோடு, செம்பருத்தி சொன்ன இரண்டாவது நிர்வாகியையும் சேர்த்துவிடுங்கள்.